ஏழாம் படுக்கைக்காரர் சொல்லாத ‘மிக நன்று’

அனுப்புநர்:
க. மாடசாமி,
ஓய்வு பெற்ற ஃபோர்மேன் (கன்வேயர் பிரிவு),
வட்டம் 21, நெய்வேலி நகரியம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள்,
கடலூர்.

பொருள்: செவ்வந்தி மருத்துவமனை – பொது வார்டு ஏழாம் படுக்கையில் இருந்த திருமதி சாமியம்மாள் – வலது கை பாதிப்பு – அவர் பெயரில் உள்ள நோயாளர் கருத்துப் படிவம் அவரைக் கேட்டு எழுதப்பட்டதன்று, மனுதாரராகிய நான் எழுதியது – 24.07.2025 விசாரணையில் அதைச் சான்றாக ஏற்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி மருத்துவமனைக் குறைதீர்ப்புக் குழுவின் பதில் கடிதம், நாள் 04.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவன் நான். பிறந்தது விளாத்திகுளம் பக்கம். பிழைத்தது, பிள்ளை வளர்த்தது எல்லாம் நெய்வேலி. மகள் இளவேனிலின் பெயரிலுள்ள குவார்ட்டர்ஸில் இப்போது குடியிருக்கிறேன். இந்த மனுவைத் தட்டச்சு செய்து தருவதாக மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். என் கையெழுத்தைத் தாங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆறு நாளாக உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. நான்கு வரி எழுதுவதும், எழுந்து வாசல் வரை போய்த் திரும்புவதுமாக இருக்கிறேன்.

2. என் மனைவி புஷ்பவல்லிக்குப் பித்தப்பைக் கல் அறுவைக்காக 09.06.2025 அன்று செவ்வந்தி மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு படுக்கை கொண்ட பொது வார்டு. இரவு மகள் துணைக்கு, பகல் நான். மனைவிக்கு ஆறாம் படுக்கை. ஏழாம் படுக்கையில் காடாம்புலியூர் சாமியம்மாள், வயது ஐம்பத்திரண்டு, வாந்தி பேதி கண்டு அதே நாளில் சேர்க்கப்பட்டவர். முந்திரிக் கொட்டை உடைப்பது அவர் வேலை. மகன் செங்குட்டுவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி; லீவு கிடைக்காததால் ஷிப்ட் முடிந்து மாலையில்தான் வருவார். ஆகவே பகலில் அந்த அம்மாளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, செவிலியரைக் கூப்பிடுவது எல்லாம் எங்கள் பொறுப்பாக இருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐந்து முதல் ஒன்பது வரையுள்ள படுக்கைகளில் அழைப்பு மணி வேலை செய்யவில்லை. மணி என்று ஒன்று சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

3. சம்பவ நாள் 12.06.2025, வியாழக்கிழமை. நேரங்களை நிச்சயமாகச் சொல்கிறேன். மணி பார்ப்பது எனக்குத் தொழில் வழக்கம். பிற்பகல் 1.40க்குச் சாமியம்மாள் என்னைக் கூப்பிட்டார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த வலது கையைக் காட்டி, “எரியுதுங்க சார். கை கனக்குது. அந்தப் பொண்ண கொஞ்சம் கூப்புடுங்களேன்” என்றார். ஊசி குத்திய இடம் சிவந்து லேசாகப் புடைத்திருந்தது. நான் உடனே மேசைக்குப் போனேன். இந்த ‘உடனே’ என்ற சொல் ஒன்றுதான் ஐயா, இந்த மனுவில் என் பக்கம் நிற்கிறது.

4. மேசையில் வெண்மதி என்ற செவிலியர் இருந்தார். என் மகளை விட இளையவர், கான்ட்ராக்ட்டில் வேலை பார்ப்பவர். காலை ஷிப்ட் அவருடையது. மதிய ஷிப்டுக்கு வர வேண்டியவர் வரவில்லை. பக்கத்து வார்டையும் சேர்த்துப் பத்தொன்பது நோயாளிக்கு அவர் ஒருவர்தான். ஊசி விஷயத்தைச் சொன்னேன். “இதோ வர்றேன் சார், இந்தக் கட்டு மட்டும்” என்றார். கட்டு என்றால் கருத்துப் படிவக் கட்டு. மறுநாள் காலை தரச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்களாம். ஒவ்வொரு செவிலியரும் மாதம் நாற்பது படிவம் சேர்க்க வேண்டும், ஐந்துக்கு நாலரைக்குக் குறையாத மதிப்பெண்ணோடு. “பதினொன்னு கொறையுது சார். குடுக்கலன்னா ரின்யூவல்ல கை வைப்பாங்க” என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

5. இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. எங்கள் ஷிப்டில் எழுதுகிற வேலை எப்போதும் என்னுடையது. லீவு லெட்டர், பி.எஃப். படிவம், பள்ளிக்கூட விண்ணப்பம், எதுவானாலும் ‘மாடசாமி அண்ணாச்சிகிட்ட குடு’ என்பார்கள். கான்ட்ராக்ட் பையன்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் பாதி கேட்பேன், மீதியை நானே போட்டுவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போதே பதிவேட்டில் ‘ஓட்டம் இயல்பு’ என்று எழுதி வைத்துவிடுவது என் சொந்தப் பழக்கம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே! பிறகு ஏதாவது ஆனால் அடித்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். அடித்து எழுத வேண்டி வந்ததில்லை. அதை என் திறமை என்று முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

6. “என்கிட்ட குடு பாப்பா, நான் எழுதித் தர்றேன். நீ போயி அந்த ஊசியப் பாரு” என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். செவிலியர் வெண்மதி கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தும் விட்டார். அந்த நேரம் பார்த்து, தரப் பிரிவு அலுவலர் பாலகுமார் என்பவர் வேறொரு கட்டோடு வந்து நின்றார். மூன்று நாள் காய்ச்சல் சார்ட், ரத்த அழுத்த சார்ட் எல்லாம் காலியாக இருக்கிறதாம். ஆடிட்டுக்கு முன் நிரப்ப வேண்டுமாம். “பேஷன்ட் எங்கயும் போயிட மாட்டாங்க சிஸ்டர். பேப்பர்தான் நாளைக்குக் காலைல கேப்பாங்க” என்றார். என் காதால் கேட்டேன். அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அளக்காத காய்ச்சலுக்கு அளவு எழுத ஆரம்பித்தார்.

7. நானும் எழுத ஆரம்பித்தேன். மனைவியின் படுக்கைக்கும் ஏழாம் படுக்கைக்கும் நடுவில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து எழுதினேன். படிவத்தில் பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை ஐந்து கட்டம். கடைசியில் ‘தங்கள் கருத்து’ என்று இரண்டு வரி. ஒரு படுக்கைக்காரரையும் நான் கேட்கவில்லை. எல்லாம் ‘மிக நன்று’. ஒரே மாதிரி இருந்தால் ஆடிட்காரர்களுக்குச் சந்தேகம் வருமே என்று கருத்தை மட்டும் பதினொன்றுக்கும் பதினொரு விதமாக எழுதினேன். ஒன்றில் சுத்தம், ஒன்றில் அன்பு, ஒன்றில் சாப்பாடு. என் மனைவியின் படிவத்தில் ‘வீட்டில் கூட இப்படிக் கவனிப்பு இல்லை’ என்று எழுதினேன். அவள் அதைப் பிறகு படித்துவிட்டு, “அது மட்டும்தான் நிசம்” என்றாள்.

8. ஏழாவது படிவத்துக்கு வந்தபோது மணி 2.35. நான்காம் கேள்வி: ‘அழைத்தவுடன் செவிலியர் வருகிறாரா?’ அந்தக் கேள்விக்கு நேரே நான் ‘மிக நன்று’ என்று டிக் போடும்போது, இரண்டு அடி தள்ளி சாமியம்மாள் மூன்றாவது தடவையாக என்னைக் கூப்பிட்டார். நான் நிமிரவில்லை. இடது கையைத் தூக்கி ‘ஒரு நிமிடம்’ என்று சைகை காட்டினேன். “எழுதினது போதும், எந்திரிச்சுப் போயி அந்த ஊசியப் பாக்கச் சொல்லுங்க” என்று மனைவி அதட்டினாள். “இத முடிச்சிட்டாத்தான் அந்தப் புள்ள வரும்” என்று நானும் அதட்டினேன். பிறகு கருத்து வரியில், ‘தாய் போல் கவனிக்கிறார்கள்’ என்று எழுதினேன். மேசையில் அந்தப் பெண் சார்ட்டில் குனிந்திருப்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. படிவத்தை முடித்தாலும் அவர் வரப்போவதில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. ஏன் எழுந்திருக்கவில்லை என்று என்னையே கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். எழுத்து நன்றாக வந்துகொண்டிருந்தது ஐயா. வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை.

9. 3.25க்குப் பதினொன்றையும் முடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். வெண்மதி ஓடி வந்து கையை மூடியிருந்த போர்வையை விலக்கினார். மணிக்கட்டு இருந்த இடமே தெரியவில்லை. விரல் வரை வீங்கித் தோல் மினுமினுத்தது. ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து முழுக்கத் தசைக்குள் இறங்கியிருக்கிறது. முதலில் சொன்னதிலிருந்து ஊசியை எடுத்தது வரை ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். அந்தப் பெண் அழுதுகொண்டே நடந்ததை ஒரு தாளில் எழுதி நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்தார். பாலகுமார் அதை வாங்கிப் படித்து, “நாளைக்கு ஆடிட். இன்னைக்கா இத எழுதறது?” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கும் நான் சாட்சி. அப்போதாவது என் படிவத்தைத் திருப்பி வாங்கி அடித்து எழுதியிருக்கலாம். மனைவிக்கு மறுநாள் டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருந்தார்கள், வாயை மூடிக்கொண்டேன்.

10. சாமியம்மாளை 16ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பியபோது, டிஸ்சார்ஜ் தாள் என்று சொல்லி ஆறு தாளில் இடது பெருவிரல் ரேகை வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று நான் எழுதிய படிவம். இன்றைக்கு அவருடைய வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கொட்டையைப் பிடிக்க முடியவில்லை. சோற்றை அள்ள முடியவில்லை. புதுச்சேரியில் பார்த்த மருத்துவர், சீக்கிரம் அறுவை செய்தால் பிடிப்பு ஓரளவு திரும்பும், தாமதித்தால் விரல் அப்படியே விறைத்துவிடும் என்றாராம். எந்த மருந்து, எவ்வளவு நேரம் உள்ளே இறங்கியது என்ற சிகிச்சைப் பதிவு அந்த மருத்துவருக்கு வேண்டும். அதைக் கேட்டும், நடந்ததற்கு நியாயம் கேட்டும் செங்குட்டுவன் கொடுத்த புகாருக்குத்தான் மருத்துவமனையின் குழு பார்வையில் கண்ட பதிலை அனுப்பியிருக்கிறது.

11. கடந்த ஞாயிறு 13.07.2025 அன்று தாயும் மகனும் அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். மகனுக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் அலுவலகத் தமிழுக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டும், அவர்களுக்கு என்னைத்தான் தெரியும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தேன். ‘நோயாளி சிகிச்சைக் காலத்திலேயே அனைத்து வினாக்களுக்கும் மிக நன்று எனப் பதிவு செய்துள்ளார். எனவே புகார் பின்னர் புனையப்பட்டதாகக் கருதி முடித்து வைக்கப்படுகிறது. நகல் இணைப்பு.’ இணைப்பைப் புரட்டினேன். என் கையெழுத்து.

12. “நான் இப்பிடில்லாம் சொல்லவே இல்லீங்களே சார். என்கிட்ட யாரு கேட்டாங்க? யாரோ எம்பேர்ல எழுதிக்கினு கீறாங்க” என்றார் சாமியம்மாள். செங்குட்டுவன், “நீங்க பக்கத்துலயே குந்திக்கினு இருந்தீங்க சார். கடலூர் ஆபீசுல மேல்மனு குடுத்துட்டோம். இருவத்தி நாலாந்தேதி வியாழக்கெழம விசாரணைக்கு வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும்” என்றார். நான் தாளை மடித்துக் கொடுத்தேன். ‘பார்க்கலாம்’ என்றேன். மனைவி கொடுத்த காப்பியை அந்த அம்மாள் இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர்கள் தலை மறைந்ததும் என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். இன்றுவரை பேசவில்லை.

13. மறுநாள் திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். வாசலிலேயே ஒரு ஃபிளெக்ஸ் போர்டு: ‘நோயாளர் திருப்தி 94.6 சதவீதம்’. அதன் கீழே பூப்படத்தோடு, ‘தாய் போல் கவனிக்கிறார்கள் – திருமதி சாமியம்மாள், காடாம்புலியூர்’. சே, என்ன மனிதன் நான் என்று இருந்தது. பாலகுமாரைப் பார்த்து, அந்தப் படிவம் நான் எழுதியது, அதை எடுத்துவிடுங்கள் என்றேன். சிரித்தார். “குறை ஏதாவது இருந்தா அதுல பதியுங்க சார்” என்று வரவேற்பறையில் இருந்த திரையைக் காட்டினார். ஐந்து முகம் வரைந்திருந்தது. அழுகிற முகத்தை அமுக்கினேன். ‘தங்கள் மேலான கருத்துக்கு மகிழ்ச்சி’ என்று வந்தது.

14. ஐயா, மருத்துவமனையைத் தரம் பார்ப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. கன்வேயரில் அளவுமானி வேண்டாம் என்று எவனாவது சொல்வானா? ஆனால் அளவுமானியின் முள்ளை விரலால் தள்ளி வைத்துவிட்டு, ஓட்டம் நன்று என்பது என்ன நியாயம்? வீட்டுக்குப் போக டிஸ்சார்ஜ் தாளுக்குக் காத்து நிற்கிறவரிடம் படிவத்தை நீட்டினால் அவர் என்ன எழுதுவார்? ஊசி போடப்போகிற கையிலேயே குறையை எழுதிக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரிடம் படிவம் கேட்பதில்லை. இறந்தவர் வீட்டாரிடமும் கேட்பதில்லை. அவர்கள் எல்லாம் போக மிச்சமிருப்பவர்களில், நான் எழுதியது போக மிச்சம் எத்தனை? 94.6இல் என் பங்கு எவ்வளவு என்று அந்த போர்டின் முன்னால் நின்று யோசித்தேன். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆறு மட்டுமாவது நானாக இருப்பேன் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

15. ஆகவே தங்களிடம் நான் பணிந்து கேட்பவை. ஏழாம் படுக்கைப் படிவத்தையும், அத்துடன் மற்றப் பத்தையும் வரவழைத்து, இந்த மனுவின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கையால் எழுதியிருக்கிறேன். அந்தப் படிவத்தைத் தள்ளிவிட்டு, சாமியம்மாளின் புகாரைத் திறந்து விசாரிக்க வேண்டும். அதற்கும் முன்னால், நாளையென்று தள்ளாமல், அவருடைய சிகிச்சைப் பதிவை அவர் கையில் கொடுக்க உத்தரவிட வேண்டும். விரல்கள் விசாரணை முடியும்வரை காத்திரா. வெண்மதி எழுதிய தாளைப் பாலகுமாரிடம் கேட்க வேண்டும். அந்தத் தாள் கிடைத்ததும், தவறு முழுவதையும் அந்தப் பெண் தலையில் கட்டிவிட மருத்துவமனை பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கலாகாது. பத்தொன்பது பேருக்கு ஒருவரை நிறுத்தி, அந்த ஒருவரையும் காகிதத்தில் கட்டிப்போட்டவர்களைக் கேட்க வேண்டும். படிவத்தில் ‘இதை நிரப்பியவர் யார்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் நல்லது. பொய்ப் பதிவு எழுதியதற்காக என் மேல் எடுக்கும் நடவடிக்கை எதுவாக இருந்தாலும் மறுக்காமல் ஏற்கிறேன்.

16. இதைத் தபாலில் போட மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாள் பெயரில் அவரைக் கேட்காமல் ஒரு தடவை எழுதியாயிற்று. இன்னொரு தடவை வேண்டாம். நாளை காடாம்புலியூர் போய், இதை முதல் வரியிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ஞாயிறு அன்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இப்படியாவது சொல்லிவிட வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை தங்கள் அலுவலகத்தில் நேரில் சேர்ப்பேன். அவர் என்ன சொல்கிறாரோ அதை அவருடைய மகன் எழுதுவதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என் பேனா படாது.

காலம் கடந்து வந்த இந்த உண்மையைத் தாங்கள் கேட்டு, அந்த அம்மாளின் கைக்கு ஒரு வழி செய்வீர்கள் என்று எதிர்பார்த்து நிற்கும்,

க. மாடசாமி
(ஒப்பம்)

இடம்: நெய்வேலி
நாள்: 19.07.2025

(வேறு கையெழுத்தில்)

20.07.2025, காடாம்புலியூர்.

மேலே எழுதியிருப்பதை மாடசாமி சார் எங்கள் வீட்டில் வைத்து முழுக்கப் படித்துக் காட்டினார். அம்மா எட்டாவது பத்தியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அம்மா சொல்லச் சொல்ல மகன் செங்குட்டுவன் எழுதுவது:

“படிச்சதெல்லாம் நிசந்தாங்க. கூப்புட்டேன், கைய காட்டுனாரு. ஏதோ அவசர வேலையா எழுதறாருன்னு நானும் பொறுத்துக்கினு இருந்தேன். அந்த நர்சு பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லீங்க. இவரு மேல இருக்குது. மன்னிச்சிடும்மான்னு கேட்டாரு, நான் ஒண்ணும் சொல்லல. வியாழக்கெழம விசாரணைக்கு மொத பஸ்ஸுல வரேன். இவரையும் கூட்டிக்கினு வரேன்.”

சாமியம்மாள்
(இடது பெருவிரல் ரேகை)